லில்லிக்குக் கிடைத்த மருந்து

லில்லிக்குப் புது மருந்து கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. நோய் அடங்கி நான் வீடு திரும்பிய பிறகு பார்க்க வந்தவர்களெல்லாம் வலித்ததா, முடி கொட்டியதா, சாப்பிட முடிந்ததா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பொறாமையாக இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த மாதங்களில் என்னை அதிகம் வாட்டியது அதுதான் என்று சொல்லியிருப்பேன். என்னைப் போல அந்த நாற்காலிகளில் போய் உட்காரப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீடு கேரளத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில். எல்லை தாண்டினால் தமிழ்நாடு. அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் புள்ளியியல் ஆசிரியை. கணவர் ராஜன் நெய்யாற்றின்கரையில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள்.

முதலில் தோளெலும்புக்கு மேலே, கழுத்தோரம் ஒரு கட்டி. வலி இல்லாததால் கவனிக்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போது சேலைத் தலைப்பு அதில் தட்டும், அவ்வளவுதான். பிறகு காரணமில்லாத காய்ச்சல் வந்து வந்து போனது. தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருந்தது. எங்கள் ஊர் டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்துக்குப் போகச் சொன்னார். அங்கே கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். அதற்குப் பயாப்ஸி என்று பெயர். இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தார்கள். உடம்பில் எங்கெல்லாம் நோய் இருக்கிறதோ அங்கெல்லாம் விளக்குப் போல ஒளிர்ந்து காட்டும் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். அதிலும் என்னுடையது அபூர்வமாக வரும் ஒரு வகை.

"அபூர்வம்னா நல்லதா கெட்டதா?" என்று ராஜன் கேட்டார். டாக்டர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, பலருக்குக் கேட்கிறது, ஆனால் சிலருக்கு நோய் திரும்பி வருகிறது என்றார். அந்த மருந்துகளோடு இன்னொரு புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் திரும்பி வருவது குறையுமா என்று ஒரு சிறிய ஆய்வு நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். பாதிப் பேருக்குப் பழைய மருந்துகள் மட்டும். பாதிப் பேருக்குப் பழையதோடு புதியதும். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

ஏன் குலுக்க வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லாமலே தெரியும். வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதுதான். டாக்டரே தேர்ந்தெடுத்தால் தெம்பாக இருப்பவர்களுக்குப் புது மருந்து போய்விடும். பிறகு அவர்கள் அதிக காலம் நன்றாக இருந்தால் அது மருந்தாலா தெம்பாலா என்று சொல்ல முடியாது. இந்த நியாயமெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். போடும்போதே, எனக்குப் புதியதுதான் விழும் என்று உள்ளுக்குள் உறுதியாக நம்பினேன். நேர்மையாகக் குலுக்கினால் எனக்குச் சாதகமாக விழும் என்று ஒரு புள்ளியியல் ஆசிரியை நம்பினாள் என்பதை என் மாணவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

லில்லியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆரியங்கோட்டில் சொந்தமாக ஒரு பேக்கரி நடத்துகிறாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அதே நோய், அதே வகை, அதே ஆய்வு. நான் பேசுவது தமிழ் என்று கண்டதும் நெருங்கி உட்கார்ந்துவிட்டாள். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், என்ன கறி வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பழையது. அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். வெளியே வரும்போது கதவையே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"டீச்சரே, எனக்குப் புதுசாக்கும் விழுந்திருக்கு! உங்களுக்கு?"

"பழசு."

"அய்யோ. அதுனால என்ன டீச்சரே, ஆண்டவரு பாத்துக்கிடுவாரு."

அவளை ஆண்டவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுவிட்டார். அவளால் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு வந்தோம். ராஜன் வண்டியை நிறுத்திவிட்டு, "எட்டி, பழைய மருந்துதான் இத்தற காலமும் ஆளுவளைப் பொழைக்க வச்சுது. புதுசு நல்லதுன்னு ஆருக்குத் தெரியும்? தெரிஞ்சா எதுக்கு இந்தப் பரீட்சை?" என்றார். நான் வகுப்பில் சொல்வதையேதான் அவர் சொன்னார். அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

கீமோதெரபிக்கு எங்கள் இருவருக்கும் ஒரே நாள்தான் கொடுத்தார்கள். நீளமான ஒரு அறை, வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் மருந்துப் பைகள். லில்லியின் கம்பியில் ஒரு பை கூடுதலாகத் தொங்கும். என் பைகள் தீர்ந்து ஊசியை எடுத்த பிறகும் அவளுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். மற்றவர்களெல்லாம் சீக்கிரம் முடிந்தால் சந்தோஷப்படுவார்கள். நான் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவளுடைய அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சொட்டுச் சொட்டாக எனக்கு வரவேண்டியது அவளுக்குப் போவதாகத் தோன்றும்.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. ஓரிடத்தில் நுழைந்துவிட்டால் எல்லா அறைக்கும் போகும். லில்லியைப் பார்க்க அவளுடைய சபையிலிருந்து பெண்கள் கூட்டமாக வருவார்கள். நர்ஸ் திட்டும்வரை மெதுவாகப் பாட்டுப் பாடுவார்கள். அதைப் பார்த்தும் எனக்கு எரியும். அவளுக்கு வாந்தி குறைவு; அதற்கும். மொட்டைத் தலை அவளுக்கு அழகாக இருந்தது. என் தலை எனக்கே சகிக்கவில்லை.

எனக்கு ராஜன் இருந்தார். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தாளிக்கும் வாசனை எனக்கு ஆகவில்லை என்றதும் எண்ணெய் தொடாமல் பயறுக் கஞ்சி வைக்கப் படித்துக்கொண்டார். கிரீஸ் வாசனைக்கு நான் ஓங்கரிப்பதைப் பார்த்து, கடையிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். இதை அவர் சொல்லவில்லை. எப்படி நீங்கள் கடையிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டபோதுதான் தெரிந்தது. மகள் தினமும் வீடியோவில் வந்து, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பாதி சிகிச்சை முடிந்ததும் மறுபடியும் அந்த ஸ்கேன். லில்லியின் உடம்பில் ஒன்றும் ஒளிரவில்லை. எனக்குக் கழுத்தடியில் சின்னதாக ஒரு வெளிச்சம் இன்னும் இருந்தது. "குறைந்திருக்கிறது, தொடரலாம்" என்றார் டாக்டர். லில்லி என் கையைப் பிடித்து, "அதும் போவும் டீச்சரே," என்றாள். கையை உருவிக்கொண்டேன்.

அடுத்த ஊசிக்குப் பிறகு எனக்குக் கடும் காய்ச்சல். கீமோதெரபி நோயை அழிக்கும்போது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் அழித்துவிடும். அப்படி அணு குறைந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். தனி அறையில் போட்டார்கள். முகமூடி இல்லாமல் யாரும் வரக்கூடாது. அங்கே கிடக்கும்போதுதான் காஞ்சிரங்குளத்து அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் இறந்துவிட்ட செய்தி வந்தது. எங்கள் ஆய்வில் என் கூட்டத்தில், அதாவது பழைய மருந்துக் கூட்டத்தில் இருந்தவர். வரவேற்பறையில் எல்லோருக்கும் இடம் பிடித்து வைப்பவர். நோய் திரும்பி, வேகமாகப் பரவி அவரைக் கொண்டுபோய்விட்டது.

அன்று ராஜனிடம் பழைய காலண்டர் தாள் ஒன்று கேட்டு வாங்கி, அதன் பின்பக்கம் இரண்டு கோடுகள் வரைந்தேன். இந்த மாதிரி ஆய்வில் யார் எவ்வளவு காலம் நன்றாக இருந்தார்கள் என்று சராசரி எடுக்க முடியாது. ஏனென்றால் இன்னும் நன்றாக இருப்பவர்களின் காலம் முடியவில்லை. அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அவர்களை விட்டுவிட்டால் கணக்குப் பொய்யாகிவிடும். அதற்குத்தான் இந்தக் கோடு. எல்லோரும் நலமாக இருக்கும்போது கோடு உச்சியில் தொடங்கும். ஒருவருக்கு நோய் திரும்பினாலோ அவர் இறந்தாலோ ஒரு படி இறங்கும். யாரும் விழாதவரை கோடு சமமாக ஓடும். கடைசியாகப் பார்த்தபோது நலமாக இருந்தவர்களுக்கு, கோட்டின் மேல் ஒரு சின்னக் குறி. அவ்வளவுதான். ஆய்வில் இருந்த எல்லோரையும் ஒரு டெம்போ வேனில் ஏற்றிவிடலாம். அதனால் யார் எந்தக் கூட்டம், யாருக்கு என்ன ஆனது என்பது வரவேற்பறைப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

ராஜன் முகமூடிக்கு மேலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதென்ன படிக்கட்டு?"

"நாங்களாக்கும். மேல உள்ளது லில்லிக்க கூட்டம். கீழ உள்ளது எங்க கூட்டம்."

"கீழ உள்ளதுல நீ எங்க நிக்க?"

"இன்னும் எறங்காத எடத்துல."

அவர் தாளை வாங்கி மடித்து, அறை மூலையிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். "காய்ச்சல் விடட்டு. அதுக்குப் பெறவு வரைஞ்சா போதும்," என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. தாள் போனாலும் கோடுகள் கண்ணுக்குள்ளேயே இருந்தன. மேல் கோடு ஒரு படி இறங்காதா என்று நினைத்தேன். அந்தப் படி யாரோ ஒரு மனிதர் என்பது தெரிந்தே நினைத்தேன்.

காய்ச்சல் விட்டது. அடுத்த முறை சாய்வு நாற்காலியில் லில்லி பக்கத்தில் உட்கார்ந்தபோது மனதில் இருந்ததை அடக்க முடியவில்லை.

"லில்லி, ஒரு காரியம் செல்லட்டா? எனக்கு ஒன்னைக் கண்டா அசூயையாக்கும்."

"எதுக்கு டீச்சரே?"

"அந்தப் பைக்கு." கம்பியைக் காட்டினேன். காலண்டர் தாளில் வரைந்த கோடுகளைப் பற்றியும் சொன்னேன். மேல் கோடு, கீழ்க் கோடு, எல்லாவற்றையும்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கைகளையும் என் மடியில் வைத்தாள்.

"இஞ்ச பாருங்க. இந்த வெரலு அத்தனையும் மரத்துப் போச்சு. புது மருந்துல அப்படித்தான் வருமாம். கேக்குக்கு மேல கிரீம்ல ஒரு ரோஸாப்பூ போட முடியல்ல. கிரீம் கோனு கையில இருக்கா, கீழ விழுந்துட்டான்னே தெரியல்ல. கடையில பூ போடுகது வேலைக்காரிப் பிள்ள. ஆளுவ வந்து, லில்லி போட்டது போல இல்லியேன்னு செல்லிட்டுப் போவுது. நீங்க சட்டுன்னு ஊக்கைக் குத்தி சேலையைச் சரியாக்கும்போ நான் பாத்துட்டே இருப்பேன். எனக்கும் உண்டு டீச்சரே உங்க மேல அசூயை. நான் செல்லல்ல, அவ்வளவுதான்."

பிறகு அவள், "அந்தப் பூ எப்படிப் போடுகதுன்னு உங்களுக்குச் செல்லித் தந்தா நீங்க போடுவியளா?" என்று கேட்டாள். எனக்கு வராது என்றேன். "தெரியும், சும்மா கேட்டேன்," என்று சிரித்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு எளிதானது. பொறாமை போகவில்லை. ஆனால் அது இருப்பது இருவருக்கும் தெரியும் என்றான பிறகு, ஒரே பெஞ்சில் உட்கார முடிந்தது.

சிகிச்சை முடிந்தது. கடைசி ஸ்கேனில் என் கழுத்தடி வெளிச்சமும் அணைந்திருந்தது. முடி வளர்ந்தது, முன்பைவிடச் சுருளாக. பள்ளிக்குப் போனேன். சோதனைக்குப் போகும்போது லில்லியைப் பார்ப்பேன். அவள் ஒரு டப்பாவில் ஏதாவது கொண்டுவருவாள். ராஜன் அதைத் தின்றுவிட்டு அவளைப் புகழ்வார். எனக்கு அதுவும் பிடிக்காது.

ஒருநாள் பள்ளியில் மதிய இடைவேளையின்போது அவள் போன் வந்தது.

"டீச்சரே, திரும்ப வந்துட்டு."

என்ன வந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த நொடியில் என் கண்ணுக்குள் மேல் கோடு ஒரு படி இறங்கியது. இரண்டு கோடுகளுக்கும் நடுவிலிருந்த இடைவெளி சுருங்கியது. நான் அத்தனை மாதம் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ராஜன் கடையிலிருந்து அப்படியே வந்து, கிரீஸ் படிந்த சட்டையோடு என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆரியங்கோட்டில் கொண்டுபோய் விட்டார்.

லில்லி வீட்டில் இல்லை, பேக்கரியில் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பஃப்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "இருங்க, இந்த ஆளை அனுப்பிட்டு வாறேன்," என்றாள். அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளே கேட்டாள்.

"அந்தப் படத்துல இப்போ நான் எங்க இருக்கேன்?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"செல்லுங்க டீச்சரே. ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

"ஒரு படி எறங்கியாச்சு."

"பெரிய படியா?"

"பெருசுதான். நம்ம ஆளு கொறவுல்லா. ஆயிரம் பேரு உண்டெங்கி, ஒரு ஆளு எறங்குனா கண்ணுக்கே தெரியாது. இதுல நல்லாத் தெரியும்."

அவள் யோசித்தாள். "செரி," என்றாள். "தெரியட்டு."

பிறகுதான் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த விரல்களுக்கு என் பிடி தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அதனால் தோளையும் பிடித்தேன்.

அவளுக்கு வேறு சிகிச்சை தொடங்கினார்கள். அவளுடைய ரத்தத்திலிருந்தே மூல அணுக்களை எடுத்துச் சேமித்து, மிகக் கடுமையான மருந்தால் நோயை அழித்துவிட்டு, சேமித்த அணுக்களைத் திரும்பக் கொடுப்பது. அவள் உள்ளே கிடந்த வாரங்களில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவேன். பாடும் பெண்களும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான். ஒரு நாள் அவர்களோடு சேர்ந்து, ராகம் தெரியாமல் நானும் வாயசைத்தேன்.

அவள் வெளியே வந்து சில மாதம் கழித்து, ஆய்வின் முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியின் சிறிய கூட்ட அறை. வந்தவர்கள் சிலர். வராதவர்களுக்குப் பதிலாக அவர்களுடைய மனைவியோ மகனோ வந்திருந்தார்கள். ஆய்வுக்குக் கணக்குப் பார்த்த இளம்பெண் திரையில் அந்தப் படத்தைப் போட்டாள். நான் காலண்டர் தாளில் வரைந்தது போலவே இரண்டு படிக்கட்டுகள். கீழ்க் கோட்டின் கடைசியில் இருந்த சின்னக் குறி நான். லில்லி என் முழங்கையை இடித்து, "நான் எது?" என்று கேட்டாள். மேல் கோட்டில் அவளுடைய படியைக் காட்டினேன். கைக்குட்டை கட்டிய தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் கோடு மேலேதான் இருந்தது. ஆனால் அந்த இடைவெளி மருந்தால் வந்ததா, குலுக்கலில் யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார்கள் என்பதால் வந்ததா? அதைச் சோதித்த விதத்தை அந்தப் பெண் மலையாளத்தில் எளிமையாகச் சொன்னாள். ஒருவருக்கு நோய் திரும்பி அல்லது அவர் இறந்து கோடு இறங்கும்போதெல்லாம், அந்த நேரத்தில் இரண்டு கூட்டத்திலும் எத்தனை பேர் மீதி நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மருந்தால் வித்தியாசம் இல்லையென்றால் அந்த இறக்கம் எந்தக் கூட்டத்தில் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவார்கள். உண்மையில் நடந்ததற்கும் அதற்குமுள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆள் அதிகமென்றால், அந்தக் கூட்டுத்தொகை தற்செயலாக வரக்கூடியதா என்று ஒரு பொதுவான சூத்திரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஆள் குறைவென்றால் அந்தச் சூத்திரத்தை நம்ப முடியாது. அதனால் கம்ப்யூட்டரில், ஒவ்வொருவருக்கும் நடந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, யார் எந்தக் கூட்டம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் குலுக்கிப் பார்த்தார்களாம். வெறும் குலுக்கலிலேயே இவ்வளவு இடைவெளி அடிக்கடி வந்ததாம்; அதனால் மருந்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

நான் அதைக் கேட்டுக்கொண்டே வேறெங்கோ போய்விட்டேன். அந்தக் குலுக்கல்களில் ஏறக்குறைய பாதியில் நான் புது மருந்துக் கூட்டத்தில் இருந்திருப்பேன். அவற்றில் பலவற்றில் லில்லி பழைய மருந்துக் கூட்டத்தில். நான் அத்தனை ஆசைப்பட்ட இடம் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. எனக்கு நடந்தது ஒன்றும் அதனால் மாறவில்லை. அவளுக்கு நடந்ததும் மாறவில்லை.

லில்லி கையைத் தூக்கினாள். "அப்போ அந்த மருந்துல பிரயோஜனம் இல்லியா?"

"அப்படிச் சொல்லவில்லை சேச்சி. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல, ஆள் போதவில்லை."

"நாங்க இத்தற பேரும் போதாதா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. டாக்டர் எழுந்து, இன்னும் பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துப் பெரிய ஆய்வு நடத்தப் போகிறார்கள், எத்தனை பேர் வேண்டும் என்பதை எங்களை வைத்துத்தான் தீர்மானிக்க முடிந்தது என்றார். காஞ்சிரங்குளத்து அண்ணனின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லில்லி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "எனக்குப் பசிக்குது," என்றாள். கேண்டீனுக்குப் போனோம். அவள் சோறும் மீன்கறியும் சொன்னாள். கீமோதெரபிக்குப் பிறகு எனக்கு நாக்கில் ருசி முழுதாகத் திரும்பவில்லை. மீன் என்றால் இரும்பைக் கடிப்பது போலிருக்கும். நான் ஒரு டீ மட்டும் வாங்கினேன். அவள் கறியைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்து, வாய் நிறைய எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் சோறு கேட்டாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அண்ணே, கொஞ்சம் சாறு கூடி விடுங்க," என்றாள்.

"டீச்சரே, ஒரு துண்டு?"

"எனக்குப் பிடிக்காது."

"நல்ல நெய்மீனாக்கும்."

ஆறிக்கொண்டிருந்த டீயைப் பிடித்தபடி, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் இப்படி எதிரில் உட்கார்ந்து சாப்பிட, இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் நெடுங்காலம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன்.